எட்டு கிலோவுக்குள்

லாங் பஜாரில் போல்ட்டை எடை போட்டுத்தான் தருகிறார்கள்.
"எத்தனை கிலோ?"
"நாற்பத்தாறு" என்றாள் நுஸ்ஹத்.
"கிலோவா?"
"இல்லை, எண்ணி."
கடைக்காரர் தராசைத் தள்ளிவைத்துவிட்டு
எங்களை ஒருமுறை பார்த்தார்.

விடுதியிலும் எங்களுக்கு
மறை கழன்ற கூட்டம் என்றுதான் பெயர்.
பொய்யில்லை.
போன மாத ஒத்திகையில் முதல் மோதலுக்கே
இடது சக்கரம் தனியாக ஓடி
நடுவரின் செருப்பருகே போய்ப் படுத்துக்கொண்டது.
கழன்றது ஒரே ஒரு நட்டு.

வெல்டு வைத்துவிடலாம்,
ராணிப்பேட்டையில் சித்தப்பா பட்டறை இருக்கிறது
என்றான் கிருபாகரன்.
உள்ளே மோட்டார் புகைந்தால்
எந்த வழியாகக் கையை விடுவாய்?
ரிவெட்?
ஆம்பூர் ஷூ கம்பெனியில் அம்மா
நாளெல்லாம் அடிப்பது அதைத்தான்.
தப்பாக அடித்ததைப் பிடுங்கினால்
தோலும் சேர்ந்து கிழியும் என்பாள்.

ஆக, போல்ட்டு.
நாலு மில்லிமீட்டர், நைலான் வளையம் வைத்த நட்டு.
ஆறாவது வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.
நுஸ்ஹத் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்:
உன் பயத்தின் எடை இருநூறு கிராம்.

காட்பாடியில் மே மாத இரவு, கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் தராசு காட்டியது
எட்டு கிலோ இருபத்தொன்பது கிராம்.
நட்டுக்கு வெளியே நீட்டிய வால்களை
ஒவ்வொன்றாக அறுத்தோம்.
விடியும்போது தரையெல்லாம் இரும்புப் பொடி,
எட்டு கிலோவுக்கு இரண்டு கிராம் குறைவு.

முன்கை மூட்டில் மட்டும்
வெள்ளை நைலான் திருகு.
பல் பட்டாலே தடம் விழும்.
இதுவா? என்றான் கிருபாகரன்.
எல்லாமே இரும்பென்றால்
அடி எங்கே போய் இறங்கும், சட்டத்தில்தானே.
முதலில் ஒடிய ஏதாவது வேண்டாமா?

தொரப்பாடி அரங்கில் இரண்டாம் சுற்று.
டிக்.
முன்கை தொங்கியது. சட்டம் நேராக நின்றது.
மூன்று நிமிட இடைவேளை, ஆலன் கீ,
வாயில் கவ்விய இன்னொரு வெள்ளைத் திருகு.

அரையிறுதியில் தோற்றோம்.
அது பேட்டரியால், அந்தச் சண்டை தனி.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது
ஜன்னல் சட்டம் லொடலொடத்தது,
திருகு இல்லாத வெறும் துளை.
நுஸ்ஹத் பேசாமல் கையை நீட்டினாள்.
என் பையில் மிச்சம் மூன்று இருந்தன.
துளைக்கு அது கொஞ்சம் சிறியது.
காகிதம் சுற்றிச் செருகிப் பார்த்தாள்.
காட்பாடி வரும்வரை
விரலை எடுக்கவில்லை.