பதின்மூன்று மணிகள்

லாஸ்தா மலையில் மழை ஓய்ந்த மூன்றாம் நாள்
ஆட்டுத்தோலை முழங்காலில் விரித்து
வம்ச வரிசையைப் படியெடுக்கிறான் அஸ்ராத்.

பெற்றான், பெற்றான், பெற்றான்.
நாணல் பேனா பழகிய தடத்தில் ஓடுகிறது.
மை காய்வதற்குள்
மகன் தகப்பனாகிவிடுகிறான்.

தோலில் ஓர் ஓட்டை.
ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த இடம்,
சட்டத்தில் இழுத்துக் கட்டியதில் கண்ணளவு விரிந்திருக்கிறது.
அதன் கரையில்தான் வந்து நிற்கிறாள்
பாதையோரம் முக்காடிட்டு அமர்ந்தவள்.
கூலியாகப் பேசிய ஆட்டுக்குட்டி
கடைசிவரை அவள் கைக்கு வரவேயில்லை.

சுற்றி வளைத்து எழுதுகிறான்.
சிவப்பு மை புனிதர்களுக்கு மட்டும் என்பது மடத்தின் கட்டளை.
ஓர் எழுத்தின் வாலில் கொஞ்சம் சிந்திவிட்டது.
துடைக்கவில்லை.

பிறகு சரிபார்ப்பு.
பெயருக்கொன்றாய் வறுத்த வாற்கோதுமை.
பதினான்கு.
பதினான்கு.
மூன்றாவது வரிசையில் பதின்மூன்று.
ஒன்றை மென்றுவிட்டேனா?
நாக்கால் பல்லிடுக்கைத் துழாவுகிறான்.
மறுபடி எண்ணினாலும் பதின்மூன்றுதான்.

கடைசியில் தச்சன்.
அவனிடம் வந்ததும் அந்த வினைச்சொல் நின்றுபோகிறது.
ராஜாக்கள், கைதிகள், பேர்மட்டும் மிஞ்சியவர்கள்
இத்தனை பேர் வாசலில் வரிசைகட்டி நிற்க
குழந்தை வருகிறது
கொல்லைப்பக்கமாக, தாயோடு.

ஏட்டின் அடியில் எழுதியவன் பெயர் வேண்டும்:
அஸ்ராத், அடுத்துத் தகப்பன் பெயர்.
அவன் ஒரு சந்தைநாளில்
உப்பு ஏற்றிய கோவேறு கழுதையோடு கடந்துபோனவன்.
அவ்வளவுதான் தெரியும்.

அஸ்ராத், வெலெத்தேயின் மகன்.
கறுப்பு மையிலேயே எழுதி ஊதிவிட்டு,
வம்சம் முழுவதையும் உள்ளங்கையில் அள்ளி
வாயில் போட்டுக்கொள்கிறான்.
காலையிலிருந்து பசி.