பூஜ்யம் என்றால் நலம்

சோஹாரில் ஆகஸ்ட்.
சர்வர் அறையிலிருந்து ஒரு நிமிடம் வெளியே வந்தாலும்
கண்ணாடி பனித்துவிடுகிறது.
துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் எண்ணினேன்:
பன்னிரண்டு வட்டுகள், பதினொன்று பச்சை.
ஏழாவது மட்டும் ஆரஞ்சு.

திரையிலோ எல்லாம் பச்சை.
ஒன்பது மாதமாகப் பச்சை.

வட்டுகளைக் கவனிக்க ஒரு சின்ன பிளக்இன் உண்டு.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்து
ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும்.
பூஜ்யம் என்றால் நலம்.
ஒன்று, கவனி.
இரண்டு, ஓடு.
மூன்று என்றால், தெரியவில்லை.
எனக்குப் பிடித்தது மூன்றுதான்.
இந்த அலுவலகத்தில்
வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கையால் ஓட்டிப் பார்த்தேன்.
ரூட்டாக ஓட்டினால் பேசுகிறது,
பிளக்இன்னின் சொந்தக் கணக்கில் ஓட்டினால்
அனுமதி இல்லை என்கிறது.
சூடோ கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
இப்போது ரெய்டு அட்டை குறுக்கே நின்றது,
பன்னிரண்டையும் ஒரே வட்டாகக் காட்டி
எல்லாரும் சௌக்கியம், நீங்கள் போகலாம் என்று
வாசலிலேயே பேசி அனுப்பும் கேம்ப் பாஸ் மாதிரி.
அவரைத் தாண்டி
ஒவ்வொன்றாக எண் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஏழு பதில் சொன்னது:
கெட்டு ஒதுக்கிய செக்டர்கள்
ஆயிரத்து நூற்றெண்பத்து நான்கு.

அப்போதும் திரை பச்சை.

ஸ்கிரிப்டைத் திறந்து அடிவரை இறங்கினேன்.
கடைசி வரி:
என்ன ஆனாலும் பூஜ்யம் கொடு.
பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு,
இப்போதைக்கு.
தேதி போன நவம்பர்,
ஜெபஸ்டின் லீவில் போன முந்தின நாள்.
அவன் திரும்பவில்லை. தோஹாவில் சம்பளம் கூடவாம்.

திட்ட வாயெடுத்தேன்.
என் அறையில்
மெத்தையின் பாலிதீன் உறையை
நான்கு வருடமாக நான் பிரிக்கவில்லை.
படுத்தால் சரசரக்கும்.

வட்டுகளில் இருப்பது வருகைப் பதிவு.
மூன்று முகாம், இரண்டாயிரத்து அறுநூறு பேரின்
விரல்ரேகை, வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம்.
ஒரு வட்டு போனால் மற்றவை தாங்கும்.
இரண்டு போனால்
யார் எத்தனை மணி நேரம் கம்பி கட்டினார்கள் என்பது
கட்டிய கம்பிக்கு மட்டும் தெரியும்.
பேக்கப் உண்டு.
அதைக் கவனிக்கும் பிளக்இன்னும்
ஜெபஸ்டின் எழுதியதுதான்.

மஸ்கட்டிலிருந்து மாற்று வட்டு.
பக்கத்து இருக்கையில் வைத்து
சீட்பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தான் தாத்கரீம்.
ஏழாவதை உருவிப் புதியதைச் செருகினேன்.
மீள்கட்டல்: ஒரு சதவீதம்.

ஜெபஸ்டினுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் ஏழு செத்துப்போச்சு.
நள்ளிரவு தாண்டிப் பதில் வந்தது:
ஏழா?
நான் வாயடைத்தது மூன்றுக்கு.

மூன்றைக் கூப்பிட்டேன்.
படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை: பதினாறு.
பத்து நிமிடம் கழித்தும் பதினாறு.
நாற்பத்தொரு சதவீதத்தில் பதினாறு.
நாற்பத்து மூன்றில் இருபத்து நான்கு.

எழுந்து நின்றுவிட்டேன்.
நின்று மட்டும் என்ன செய்ய?
உட்கார்ந்து அந்தக் கடைசி வரியை அழித்தேன்.
திரை சிவந்தது. கைபேசி அலறியது.
கூடவே எகிப்து மேனேஜரின் கைபேசியும்
ஏதோ ஒரு படுக்கையறையில் அலறியிருக்கும்.
அலறட்டும்.

அறுபத்தெட்டு சதவீதம். இருபத்து நான்கு.

நாலே முக்காலுக்கு முதல் பேருந்து.
கேமராவில் பார்க்கிறேன்,
வாசல் கருவியில் ஒருவன் விரலை வைக்கிறான்.
சிமென்ட் தின்ற விரல், பதியவில்லை.
சட்டையில் துடைத்து
மறுபடி வைக்கிறான், சற்று அழுத்தி.

இங்கே
பன்னிரண்டு விளக்கும் ஒருமுறை இமைக்கின்றன.