"பிற"

வின்னிபெக் ஏரி. பிப்ரவரி.
தராசு முள்ளிலும் உறைபனி.
பெயர், எடை, விலை
என் தாளில் மூன்றே கட்டம்.

சிக்வால்டி வலையை உதறினான்.
விழுந்தது
பழுப்பும் பாசியுமாய் ஒரு வழுவழுப்பு,
மோவாயில் ஒற்றை மயிர்.
"மரையா" என்றான்,
விட்டுப்போனவளைத் திட்டும் குரலில்.
டெலஸ்ஃபோருக்கு அது லோஷ்.
ஒன்டாரியோ லாரிக்காரன் சிரித்தான்:
"எங்களூரில் வக்கீல்.
எங்கே பிடித்தாலும் நழுவும்."
நெல்லா பியர்டி வயிற்றை அமுக்கி
ஈரலின் கனம் பார்த்தாள்.
"மிதாய்" என்றாள்
பையின் வாயை விரித்தபடி.

இதில் எந்தப் பெயருக்கும்
கம்பெனி காசு தருவதில்லை.
"பிற" என்று எழுதினேன்,
விலைக்கு ஒரு கோடு.

எடுத்துக் கொடுக்கலாமென்று குனிந்தேன்,
கையுறை போடாமல்.
வால் மெல்ல வந்து
மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.
வலிக்கவில்லை.
இருட்டில் கைதவறி
யாரையோ பிடித்துக்கொள்வார்களே, அப்படி.

இந்த மாதம்தான் இவற்றுக்குக் கல்யாணம்.
மூன்றடிப் பனிக்கட்டிக்குக் கீழே,
சூரியன் எட்டாத மணலில்,
ஒன்றையொன்று பின்னிக்கொண்டு
ஒரே பந்தாய் உருளுமாம்.
எது யாருடைய வாலென்று
அங்கே எந்தத் தாளிலும் எழுதுவதில்லை.

நெல்லா வந்து கழற்றினாள்
பிசகாமல், பொறுமையாய்,
இறுகிய வளையலைக் கழற்றுவதுபோல்.
தோலில் பிசுபிசுவென்று ஒரு வட்டம்.
அதோடேயே மீதி மூட்டைகளை நிறுத்தேன்.

ராத்திரி அவள் அடுப்பில் ஈரல் பொரிந்தது.
எனக்கும் ஒரு துண்டு வைத்தாள்,
உப்பு கொஞ்சம் தூக்கல்.
என்ன மீன் என்று
அவள் கணவன் கேட்டான்.
வாய் நிறைய இருந்தது எனக்கு.