தெரியாத சாதனம்

மதர்போர்டு ஓசூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது.
கேபினட் பெங்களூரிலிருந்து
முனிரத்தினத்தின் லாரியில், போர்வை சுற்றி.
மற்றதெல்லாம்
மாங்காய் சீசன் சம்பளத்தில் மாதத்துக்கு ஒன்று.
மண்டிக் கணக்கை முடித்து வந்து
குளிக்காமல் உட்கார்ந்து
காவேரிப்பட்டணம் அடங்கிய பிறகு
கடைசித் திருகையும் முடுக்கினேன்.
ஒரு திருகு மிஞ்சியது.
அதைப் பற்றி யோசிக்கக் கூடாதென்று
தோடு டப்பாவில் போட்டு மூடினேன்.

விசிறி சுற்றியது.
விண்டோஸ் ஏறி வணக்கம் சொன்னது.
மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றது.
பார்த்துக்கொள்கிறேன் என்றவர்கள் பலரை
நான் பார்த்திருக்கிறேன்.

பட்டியலைத் திறந்தால்
தெரியாத சாதனம்
தெரியாத சாதனம்
தெரியாத சாதனம்
ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் முக்கோணம்.
பில் இருக்கிறது, வாரன்டி அட்டை இருக்கிறது,
பெட்டி பிரித்த கத்தரிக்கோல் இன்னும் மடியில் இருக்கிறது.
தெரியாதாம்.

தானாகத் தேடு என்று அழுத்தினேன்.
தேட இன்டர்நெட் வேண்டும் என்றது.
இன்டர்நெட் ஏன் இல்லை?
நெட்வொர்க்குக்கு டிரைவர் இல்லை.
டிரைவர் எங்கே?
இன்டர்நெட்டில்.
சாவியை உள்ளே வைத்து
பீரோவைப் பூட்டியாயிற்று.

பதினொன்றே காலுக்கு தொப்பூர் கணவாயிலிருந்து போன்.
"எந்திரிச்சுச்சா?"
"எந்திரிச்சிருச்சு. டிரைவர்தான் கிடைக்கல."
"நான் ஒருத்தன் இருக்கேனே."
சிரித்தேன். அவன் பக்கம்
ஏர் பிரேக் ஒன்று பெருமூச்சு விட்டது.
முன்னால் ஒரு லாரி சாய்ந்து கிடக்கிறதாம்,
கிரானைட்டோடு வரிசையில் நிற்கிறானாம்.
"கண்ட டிரைவரையும் ஏத்தாத, என்ன?
வண்டி தெரியாதவன இந்த எறக்கத்துல விட்டா..."
அந்த வாக்கியத்தை
தொப்பூரில் நின்றுகொண்டு யாரும் முடிப்பதில்லை.

போனையே கேபிளில் கட்டி இன்டர்நெட் கொடுத்தேன்.
மறுபடி தானாகத் தேடு.
இரண்டு முக்கோணம் மறைந்தது.
கூடவே திரையும் மறைந்தது.
திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம்
மாநாட்டுப் பேனர் அளவு.
எதோ பழைய டிரைவரைக் கொண்டுவந்து
கிராபிக்ஸ் கார்டின் தலையில் உட்கார வைத்திருக்கிறது.
எடுத்துப் போட்டேன். ரீஸ்டார்ட்.
மறுபடி அதே ஆள்.
எடுத்தேன். ரீஸ்டார்ட்.
அதே ஆள், அதே பேனர்.
இதுவே மிகச் சிறந்த டிரைவர் என்று
ஒரு சான்றிதழ் வேறு.

தானாக நிறுவு என்ற இடத்தைத் தேடிப் பிடித்து
வேண்டாம் என்று வைக்க
அரை மணி நேரம்.
வேண்டாம் என்பதை அவ்வளவு ஆழத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.
பிறகு சரியான டிரைவரை நானே இறக்கி ஏற்றினேன்.
எழுத்து சுருங்கி எழுத்தானது.

மிச்சம் ஒன்று.
பெயர் கேட்டால் அதே பதில்.
அப்போதுதான் உறைத்தது:
மண்டியில் கிரேட்டைப் பெயரா சொல்லி அழைக்கிறோம்?
பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டில் நம்பர்;
எந்தத் தோட்டம், எந்த ரகம், எல்லாம் அதில்.
விவரங்கள் என்ற ஏட்டைப் புரட்டினேன்.
இருந்தது நீள நம்பர்.
பெங்களூரா முப்பது கிரேட் என்று எழுதிய
துண்டுச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்:
செய்தவன் பத்து, ஈ, சி.
பொருள் எண்பத்தொன்று இருபத்தைந்து.
அந்த நம்பரைப் போனில் தட்டியதும்
ஊரும் பெயருமாக வந்து நின்றது
இத்தனை நேரம் யாரென்றே தெரியாத
நெட்வொர்க் போர்ட்.

கேபிளைச் சொருகினேன்.
ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று
தூக்கத்தில் எழுப்பப்பட்டதுபோல் சிமிட்டியது.

ஒன்று பத்து.
போனைக் கழற்றும்போது பார்த்தேன்,
எப்போதோ வந்திருக்கிறது ஒரு வரி:
எறங்கிட்டேன்.

பதில் போடுவதற்குள்
திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம்.
புதிய அப்டேட் தயார்,
இப்போதா, பிறகா?

பிறகு.
முதலில் அந்தத் திருகு
எந்த ஓட்டையுடையது என்று பார்க்க வேண்டும்.