நாற்பது மீட்டர்

செவ்வாய்க்கிழமை போப்ரட் நீதிமன்றத்தில்
எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார்கள்.
கார் ராஸ்டோவுக்கு.
குளிர்பெட்டியும் பூனையும் எனக்கு.
கயிற்றைப் பட்டியலில் யாரும் எழுதவில்லை.

நாற்பது மீட்டர். நீலத்தில் ஓர் ஆரஞ்சு இழை.
வெட்டினால் இருவருக்குமே உதவாது.
வெட்டாவிட்டால் யாருக்கு என்று
தொலைபேசியில் இருபது நிமிடம் இழுத்தோம்.
கடைசியில் அவன்தான் சொன்னான்:
சனிக்கிழமை வெயில் உண்டாம்.
நவம்பர் பிறந்தால் பாதைகளை அடைத்துவிடுவார்கள்,
அப்புறம் ஜூன்தான்.

ஜூனில் எங்கே, யாரோடு என்பதை
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

*

விடிகாலை ஏரிக்கரையில் லார்ச் மரங்கள்
ஊசி ஊசியாய் மஞ்சளைக் கொட்டிக்கொண்டிருந்தன,
என் தொப்பியில், அவன் பையில்,
தண்ணீர்ப் புட்டியின் மூடிக்குள்கூட.
ஏற ஏற மரம் குட்டையாகி, புதராகி,
பிறகு வெறும் புல்.
மழையில் கிடந்த ஆணியின் நிறத்தில் புல்.
மர்மோட்கள் வளையை மண்ணால் அடைத்துக்கொண்டு
தூங்கப் போய்விட்டன.
சீழ்க்கை கேட்காத சரிவில்
எங்கள் பூட்ஸ் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

முகட்டில், நிழல் விழும் பக்கமெல்லாம்
பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத பனித்தோல்.
மூன்று பிடி நிற்கணும், நாலாவதுதான் நகரணும்:
பதினோரு வருடத்துக்கு முன் அவனுக்கு நான் சொன்னது.
இன்னும் அவன் உதடு அசைகிறது,
ஒன்று, இரண்டு, மூன்று.

கத்தியாய் ஒடுங்கிய ஓரிடத்தில்
குதிரைமேல் உட்கார்வதுபோல் உட்கார்ந்து நகர்ந்தோம்.
இடது கால் போலந்தில். வலது கால் ஸ்லோவாக்கியாவில்.
பிருஷ்டம் எந்த நாட்டிலும் சேர்த்தியில்லை.
ராஸ்டோ சிரித்தான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"கயிறு?"
"போடு."
என் முடிச்சை அவன் பார்த்தான், அவன் முடிச்சை நான்.
எட்டாய் வளைத்து, இறுக்கி, வால் நீளம் அளந்து.
வக்கீல்கள் எங்கள் தாள்களை
இவ்வளவு கவனமாய்ப் படித்ததில்லை.

உச்சியில் ஒரு தகரப்பெட்டி,
உள்ளே ஈரத்தில் உப்பிய நோட்டு.
அவன் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினான்.
அவன் குடும்பப் பெயரில் 'ஓவா' ஒட்டித்தான்
இத்தனை நாள் என் பெயர்.
விரல் மரத்துவிட்டது என்றேன்.
ஜெல்மீரா என்று மட்டும் போட்டேன். தேதி போட்டேன்.
பின்னல் பாலாடைக்கட்டியைச் சரிபாதியாய்ப் பிய்த்தோம்.
அதில் ஒரு தகராறும் இல்லை.

*

இறங்கும்போதுதான் மாட்டியது.
பாறைக்கொம்பில் இரட்டையாய்ப் போட்டு இருவரும் இறங்கி,
ஒரு முனையைப் பிடித்து இழுக்க
ஏழெட்டு மீட்டர் சொன்ன பேச்சு கேட்டு வந்தது.
பிறகு வரவில்லை.
நான் உதறினேன். அவன் உதறினான்.
இருவருமாய்த் தொங்கிப் பார்த்தோம்,
இந்த வருடம் முழுக்க
நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம்.
ஏறிப் போய் விடுவிக்கலாம். வெளிச்சம்
இன்னும் முக்கால் மணிதான்.
என்னிடம் கத்தி இருந்தது.
அவனிடமும் இருந்தது.

"கிடக்கட்டும்" என்றது
நானா அவனா, ஞாபகமில்லை.
கல்லுருளும் சரிவில் முழங்கால் நடுங்க இறங்கியபோது
ஒருமுறை திரும்பினேன்.
சாம்பல் பாறையில் அந்த நீலம்
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மலைவிடுதியில் பூண்டு சூப்.
அடுப்புக்கு மேலே கம்பியில்
யார் காலுறை யாருடையதென்று தெரியாமல் காய்ந்தன.
யூலியுஸ் பென்சிலோடு வந்து கேட்டார்:
"கணக்கு ஒன்றா, இரண்டா?"
ராஸ்டோ சூப்பைக் கிளறினான். நான் ரொட்டியைப் பிய்த்தேன்.
அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அடுத்த மேசைக்குப் போனார்.

ஜூனில் யாராவது எடுத்துக்கொள்வார்கள், என்றேன்.
அதற்குள் பனியிலும் வெயிலிலும் நைந்திருக்கும், என்றான்,
பார்த்தால் நல்ல கயிறு மாதிரியே இருக்கும்.
யாரும் நம்பி ஏறிவிடக் கூடாது.