நூற்றிருபது மீட்டர்

நூற்றிருபதில் நின்றுவிட்டது.
சன்னல் கண்ணாடியில் முட்டிய வண்டுபோல
அங்கேயே ரீங்கரித்தது.
மேலே இன்னும் முந்நூறு மீட்டர் பாறை.
அதன் ஏதோ ஒரு விளிம்பில்
இடக்காதில் இரட்டை வெட்டுள்ள என் சாம்பல் மறி,
கூடவே அதன் குட்டி.

கிளம்பிய இடத்திலிருந்து அளக்குமாம் உயரத்தை.
நான் நிற்பது கல்சோய் தீவின் கூழாங்கல் கரை,
காலடியில் அட்லாண்டிக்.
மலையுச்சிக்குப் போய்ப் பறக்கவிடு,
அங்கிருந்தும் நூற்றிருபது தரும் என்கிறார்கள்.
உச்சிக்கு ஏற முடிந்தவளுக்கு
ட்ரோன் எதற்கு?

ஆட்டுக்கும் வால் அளந்துதான் வைத்திருக்கிறதாம்.
யாரோ ஒருவர், ஏதோ ஓர் அலுவலகத்தில்,
என் எந்திரத்துக்கு வானத்தை அளந்து வைத்திருக்கிறார்.
நல்ல மனிதராகத்தான் இருப்பார்.
அவர் சன்னலுக்கு வெளியே
தரை தட்டையாக இருந்திருக்கும்.

அன்றிரவு சமையலறை மேசையில்
ஒரு கேபிள், ஒரு மடிக்கணினி,
யாரோ உடைத்துத் திறந்த பழைய ஃபர்ம்வேர்.
உத்தரவாதம் ரத்தாகும் என்றது திரை.
சரி என்றேன்.
சட்டப்படி நீங்களே பொறுப்பு என்றது.
சரி.
மூன்றாவது எச்சரிக்கையை நான் படிக்கவில்லை.
என் முழங்காலுக்குள் இரண்டு திருகாணி இருக்கிறது,
செய்தவனைக் கேட்டுக்கொண்டா வைத்தார்கள்?
நூற்றிருபதை அழித்து
நானூற்றைம்பது என்று அடித்தேன்.
வேலி தாண்டிய ஆட்டுக்காக
நானும் வேலி தாண்டினேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை
பாறை கீழே போய்க்கொண்டே இருந்தது.
ஈரப் புல், எச்சம், கூடுகள்,
வாயைத் திறந்து சீறும் வெள்ளைக் கடற்பறவைகள்,
முந்நூற்றைம்பதில் ஓர் அகலமான விளிம்பு.
அங்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.
வரி வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல்
கேமராவைப் பார்த்தது.
சிரித்துவிட்டேன், கரையில், தனியாக.

முதலில் கேட்டது காதுக்கல்ல,
திருகாணிகளுக்கு.
பிறகு மூடுபனியைக் கிழித்துக்கொண்டு
முனையைச் சுற்றி வந்தது மீட்பு ஹெலிகாப்டர்.
படகு ஓடாத நாள்.
அடுத்த ஊரில் யாருக்கோ வலி எடுத்திருந்தது.
திறந்த கதவில் தொங்கும் ஆரஞ்சு நிறக் காலணிகள்
என் தங்கை கணவன் தைத்தூருடையவை.

குச்சியைக் கீழே இழுத்தேன், விரல் வெளுக்க.
உயரத்தை மாற்றியவள்
இறங்கும் வேகத்தை மாற்றவில்லை.
நொடிக்கு ஐந்து மீட்டர்.
முந்நூற்றைம்பது மீட்டருக்கு எழுபது நொடி.
எண்ணிப் பாருங்கள்.
ஒன்று என்று தொடங்கி, அவசரப்படாமல்,
ஒருவனின் காலணிகளைப் பார்த்துக்கொண்டே
எண்ணிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரன்வா வீட்டில் சாப்பாடு.
பெண் குழந்தையாம்,
ஹெலிகாப்டர் தரையைத் தொடும் முன்பே அழுததாம்.
“முனையில் ஏதோ பறவை” என்றான் தைத்தூர்,
“ஆனால் சிறகடிக்கவில்லை.”
பிறகு, “மறி கிடைத்ததா?”
கிடைத்தது, கயிறு கட்டி இறக்கினார்கள்.
“அங்கே இருப்பது எப்படித் தெரிந்தது?”
உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.
முள்கரண்டியை வைத்துவிட்டு
என்னைப் பார்த்தான்,
அல்லது என் பின்னால் இருந்த சன்னலை.

இப்போது மறுபடியும் கேபிள், மறுபடியும் மேசை.
மூன்றாவது எச்சரிக்கையை இந்த முறை படித்தேன்.
‘இந்த மதிப்பு எங்கும் சோதிக்கப்படவில்லை.’
இவ்வளவுதானா!
பூஜ்ஜியத்தை அழித்தேன்.
ஐந்தை அழித்தேன்.
நான்கு மீட்டர்,
என் ஆட்டுக்கொட்டகையின் கூரை உயரம்.
நான்குக்குப் பக்கத்தில் கோடு மின்னுகிறது.

குட்டி அந்த விளிம்பில் இல்லை,
இன்னும் மேலே எங்கோ.
வெளியே கத்துவது அதுதானா,
தகரத்தை உரசும் காற்றா?
கொட்டகையில் சாம்பல் மறி
எழுந்து நிற்கும் சத்தம் கேட்கிறது.