கீழ்க்கணக்கு

ரசீதுப் புத்தகம் என் கையில்,
உண்டியல் கிரிஷாந்தியிடம்.
பால்மா டின்தான். மூடியில் கத்தியால் கீறிய வாய்
காலையிலேயே இரண்டு விரல்களைப் பதம் பார்த்துவிட்டது.

ஞாயிறு. சம்பளம் போட்டு மூன்றாம் நாள்.
நாலாம் நாளென்றால் கடைக்காரருக்குப் போய்விடும் என்று
நாள் பார்த்துச் சொன்னவன் ரொபின்சன்.
ஆறு லயம், எழுபத்திரண்டு காம்பிரா.

முதல் லயத்தில் எங்களைக் கண்டதும்
பின்கதவுகள் திறந்தன.
வாழைகளுக்குள் ஒரு சேலை மறைந்தது.
"அம்மா இல்ல" என்றது
அம்மாவின் செருப்புக்குள் நின்ற பிள்ளை.
புத்தகம், பேனை, அயர்ன் பண்ணிய சட்டை:
வாரக்கடன் பிரிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள்.
ரொபின்சன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டி
பெனியனோடு முன்னால் நடந்தான், பல் கிட்டக் கிட்ட.
அப்புறம்தான் முன்கதவுகள்.

"எதுக்குத் தம்பி காசு?"
ஸ்ட்ரெச்சர் வாங்க.
ரோட்டுக்கு ஏற முந்நூறு படி.
ஆடி மழையில் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனோமே.
யாரை என்று நாங்கள் சொல்லவில்லை,
அவர்களும் கேட்கவில்லை.

கேட்டது வேறு.
"போன திருவிழாக் காசுக்கு இன்னும் கணக்கு வரல."
அது நாங்கள் இல்லை என்றாள் கிரிஷாந்தி.
"அதத்தான் அவனுகளும் சொல்றானுக"
என்று ஐம்பது ரூபாய் போட்டார்.
இன்னொருவர் நூறைப் போட்டு எண்பது மீதி கேட்டார்.
டின்னைக் கவிழ்த்து, ஈர்க்கால் கிண்டி
எண்பதை வெளியே எடுக்கக் கால்மணி நேரம்.
நின்று வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.
கிளாக்கர் பங்களாவில் நாய்.
நாய்க்குப் பின்னால் ஒரு குரல்: அடுத்த மாசம்.

நாலாம் லயத்தில் பூமயிலக்கா
கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.
முந்தானை முடிச்சிலிருந்து இருநூறு.
"பேர் சொல்லுங்கக்கா, ரசீதுக்கு."
"பேரா?" சிரித்தார்.
"நேத்து எனக்கு அரைப்பேர்தான் போட்டாங்க,
ரெண்டு கிலோ கொறைவாம். அதையே எழுதிக்க."
எங்கள் மலையில் ஒருநாள் கூலிக்குப் பெயரே பேர்தான்.
கிலோ இறங்கினால் ஆளும் பாதி.
பகிடிக்குத்தான் எழுதினேன்:
அரைப்பேர், ரூபா இருநூறு.
அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.
சிரிப்பை நிறுத்தி, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்தார்.
முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் லயம், கடைசிக் காம்பிரா.
அங்கே மட்டும் தட்டுவதில்லை என்று முதலிலேயே பேசியிருந்தோம்.
சத்தமில்லாமல் தாண்டி, பீலிக்கரை வரை வந்துவிட்டோம்.
"என் வீடு கண்ணுக்குத் தெரியலையா?"
தங்கையாண்ணன், கையில் சவர்க்கார நுரையோடு.

காசைப் பற்றி அவர் பேசவில்லை.
"நீளம் எவ்வளவு?"
ஆறடி இருக்கும் என்றான் ரொபின்சன்.
"மடங்குமா?"
தெரியாது.
"முந்நூறு இல்ல, முந்நூத்திப் பதினாறு படி.
நூத்தித் தொண்ணூறுல பாறை ஒண்ணு முட்டி நிக்குது.
கம்பளின்னா வளையும்.
அன்னைக்கு வளைச்சுத்தான் திருப்பினோம்."

மூவரும் டின்னைப் பார்த்தோம்.
கடையில் விலை கேட்டிருந்தோம்,
நிறம்கூடக் கேட்டிருந்தோம்.

மிலாறுக் கம்பு இரண்டை ஆறடிக்கு வெட்டி
அவரே முன்னால் ஏறினார். எண்ணவில்லை;
நூற்றுத் தொண்ணூறில் தானாக நின்றார்.
ரொபின்சனைக் கம்புகளுக்கு நடுவில் படுக்கச் சொன்னார்.
ஈரப் படியில் பெனியனோடு படுத்தான்.
தலைப்பக்கம் அவர், கால்பக்கம் நானும் கிரிஷாந்தியும்
கம்புகளைத் திருப்பினோம்.
பாறையில் இடித்தது.
இன்னொரு தரம். இடித்தது.
"ஒரு அடி" என்றார்,
பாறையை உள்ளங்கையால் தடவி.
"ஒரு அடி ஒடைச்சா போதும்."

பனி இறங்கிவிட்டது. ரொபின்சன் இன்னும் எழும்பவில்லை,
அவர் சொல்லட்டும் என்று படுத்திருந்தான்.

பதினாலாயிரத்து முந்நூற்று எழுபது.
ஒரு சட்டைப் பொத்தான்.
"வர்ற ஞாயித்துக்கெழம டின் வேணாம்" என்றார்.
"வீட்டுக்கு வீடு போயி
அலவாங்கு இருக்கான்னு கேளுங்க."